வெக்கையே தெரியாமல் மயங்கி விழுந்தேன் – வயதானவர்கள் வெயில் காலத்தை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

நிழல்தேடி
வணக்கம். எனக்கு 72 வயது, தனியாக இருக்கிறேன். போன வாரம் நடந்ததை எழுதுகிறேன். உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்.

மதியம் மூன்று மணி இருக்கும். ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு வெக்கையாகவே தெரியவில்லை. தாகமும் இல்லை. அழைப்பு மணி அடித்தது, எழுந்தேன். இரண்டடி வைத்திருப்பேன், கண் இருட்டிக்கொண்டு வந்தது. அடுத்து நினைவில் இருப்பது முகத்துக்கு நேரே தெரிந்த நாற்காலிக் கால்தான். முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று, இடுப்பெலும்பு தப்பியது.

கதவைத் தாழ் போடாமல் சாத்தி மட்டும் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. மணி அடித்த பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் கேட்டு உள்ளே வந்தார். வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, “என்ன சார், வீடு அடுப்பு மாதிரி கொதிக்குது!” அந்த அறையில்தான் நான் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தேன்.

மருத்துவமனையில் ரத்த அழுத்தம் மிகவும் இறங்கியிருக்கிறது, உடம்பில் நீர்ச்சத்து இல்லை என்று டிரிப் ஏற்றினார்கள். “வயசாச்சில்லையா, வெயில்ல போகாதீங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நான் வெயிலிலேயே போகவில்லை! என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்றுகூட ஒருவரும் கேட்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

என் கேள்வி இதுதான். தாகம் எடுத்தால் குடிக்கலாம், வெக்கையாக இருந்தால் காற்றாட உட்காரலாம். இரண்டுமே தெரியவில்லை என்றால் ஒருவன் என்ன செய்வது?

ஓய்வுபெற்ற_செவிலி
ஐயா, பெரிய அடி படாமல் தப்பித்தீர்கள், அதுவரை நிம்மதி. நான் 31 வருடம் வார்டில் வேலை பார்த்தவள். வெயில் காலத்தில் வருகிற வயதானவர்களில் பலர் நீங்கள் சொன்ன அதே வார்த்தையைத்தான் சொல்வார்கள்: “எனக்கு ஒன்னும் தெரியலையே.” அவர்கள் பொய் சொல்வதில்லை. உண்மையிலேயே தெரிவதில்லை.

உடம்பில் தண்ணீர் குறைந்ததும் இளம் வயதில் மூளை உடனே தாகத்தைக் கிளப்பிவிடும். வயதாக ஆக அந்த அறிவிப்பு தாமதமாக வருகிறது, மெல்லிசாக வருகிறது, சில நேரம் வருவதே இல்லை. சிறுநீரகமும் முன்னைப்போல் தண்ணீரைப் பிடித்து வைப்பதில்லை. அதோடு, இளைஞன் உடம்பில் ஏறத்தாழ 60 சதவீதம் தண்ணீர் என்றால் நம் வயதில் அது 50 பக்கம் இறங்கிவிடுகிறது. கையிருப்பே குறைவு, அதனால் கொஞ்சம் இழந்தாலும் பாதிப்பு பெரிது.

சூட்டை வெளியேற்றும் வழிகளும் தளர்ந்துபோகின்றன. வியர்வை தாமதமாகத் தொடங்கும், குறைவாகச் சுரக்கும். தோலுக்கு ரத்தத்தை அனுப்பிச் சூட்டை ஆற்றுவதற்கு இதயம் கூடுதலாக உழைக்க வேண்டும், அந்தத் தெம்பும் குறைந்திருக்கும்.

அதனால் உங்கள் கேள்விக்கு என் பதில்: உடம்பு சொல்லும் என்று காத்திருக்காதீர்கள். அறையில் ஒரு தெர்மாமீட்டர் மாட்டுங்கள், தண்ணீருக்குக் கடிகாரத்தைப் பாருங்கள். பகலில் அறை 32 டிகிரிக்குக் கீழே, இரவில் 24க்குக் கீழே இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எல்லா வீட்டிலும் அது முடியாது, எனக்கும் தெரியும். ஆனால் எண் கண்ணில் பட்டால்தான் “இப்போது ஏதாவது செய்தாக வேண்டும்” என்று தோன்றும்.

என்னென்ன மாத்திரை எடுக்கிறீர்கள்? அங்கே யாரும் கேட்கவில்லை என்றீர்களே, நான் கேட்கிறேன்.

நிழல்தேடி
நன்றி அம்மா. பிரஷருக்கு ஒன்று, அதோடு சேர்ந்து நீர் பிரிவதற்கு ஒன்று. மூக்கு ஒழுகலுக்கு ராத்திரி ஒரு அலர்ஜி மாத்திரை, அதைப் போட்டால்தான் தூக்கமும் வருகிறது. புராஸ்டேட்டுக்கு ஒன்று.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவரிடம்கூடச் சொன்னதில்லை. சாயந்திரம் நாலு மணிக்கு மேல் நான் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் ராத்திரி நாலு தடவை எழ வேண்டியிருக்கிறது. இருட்டில் தடுமாறிப் போய் வருவதற்குப் பயம். அதனால் இரண்டு மூன்று வருடமாகவே அப்படித்தான்.

கடைசிவீட்டு_அக்கா
ஐயா, நீங்கள் இதை வெளிப்படையாக எழுதியதற்கு உங்களைக் கும்பிட வேண்டும் போல இருக்கிறது. “நிறையத் தண்ணீர் குடியுங்கள்” என்று எல்லோரும் சொல்கிறார்கள். குடித்த பிறகு எங்கே போவது என்பதை யாருமே பேசுவதில்லை.

எனக்கு 69. முட்டி வலி. உட்கார்ந்து எழுவதே ஒரு வேலை. வங்கிக்கோ ஆஸ்பத்திரிக்கோ போகிற நாளில் காலையிலிருந்து தண்ணீரைத் தொடவே மாட்டேன். அங்கே கழிப்பறை இருக்குமா, இருந்தாலும் உள்ளே கால் வைக்க முடியுமா, கைப்பிடி இருக்குமா என்ற கவலை. இருமினாலே சொட்டுச் சொட்டாகப் போய்விடும் பெண்கள் எத்தனை பேர் இருக்கிறோம்! கேட்டால் “தாகமே எடுக்கல” என்று சொல்லிவிடுவோம். அதில் பாதி வெட்கம்.

நான் மாற்றிக்கொண்டது என்னவென்றால், காலை எழுந்ததிலிருந்து மதியம் மூன்றரை வரைக்கும் மணிக்கு ஒரு தரம், அரை டம்ளர்தான். ஒரே மூச்சில் முழு டம்ளர் குடித்தால் உடனே எழ வேண்டிவரும். கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தால் அந்த அவசரம் இல்லை. சாயந்திரம் குறைத்துக்கொள்வேன், ஆனால் அடியோடு நிறுத்துவதில்லை. படுக்கை பக்கத்தில் ஒரு சின்ன இரவு விளக்கு, கழிப்பறை வரை தரையில் எதுவும் கிடக்காமல் வழி. மகன் சுவரில் இரண்டு கைப்பிடி அடித்துக்கொடுத்தான். அந்தக் கைப்பிடி வந்த பிறகுதான் நான் தைரியமாகத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தேன் என்று சொன்னால் சிலருக்கு ஆச்சரியமாக இருக்கும்.

ஓய்வுபெற்ற_செவிலி
அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு.

ஐயா, உங்கள் பட்டியலைப் பார்த்ததும் மூன்று இடத்தில் விரல் நின்றது. நீர் பிரியும் மாத்திரை தண்ணீரோடு உப்பையும் வெளியேற்றும். பழைய வகை அலர்ஜி மாத்திரைகள், அதாவது தூக்கம் வரவைப்பவை, வியர்வையைக் குறைக்கும். சூடு வெளியே போகும் வழி அடைபடுகிறது. புராஸ்டேட்டுக்குத் தரும் சில மாத்திரைகள் எழுந்து நிற்கும்போது பிரஷரை இறக்கும். அதுபோக பழைய அலர்ஜி மாத்திரை புராஸ்டேட் உள்ளவர்களுக்குச் சிறுநீர் கழிப்பதையே சிரமமாக்கும். நீங்கள் எழுந்து இரண்டடி வைத்ததும் விழுந்ததில் இவை எல்லாவற்றுக்கும் பங்கு இருக்கலாம்.

ஆனால் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு உங்கள் வழக்கமான மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். “வெயில் காலத்துக்கு இதில் எதையாவது மாற்ற வேண்டுமா?” என்று நேராகக் கேளுங்கள். ராத்திரி நாலு தடவை எழுவதையும் சொல்லுங்கள். நீர் மாத்திரையைக் காலையில் போட்டாலே பலருக்கு ராத்திரித் தொல்லை பாதி குறையும்.

தோட்டத்து_மனிதன்
எல்லோரும் ரொம்பப் பயமுறுத்துகிறீர்களோ என்று தோன்றுகிறது. எனக்கு 68. இப்போதும் காலை பதினொன்று வரை தோட்டத்தில் மண்வெட்டி பிடிக்கிறேன். சின்ன வயதில் எங்களுக்கு மின்விசிறியே கிடையாது. உடம்பைப் பழக்கினால் பழகும். அறைக்குள்ளேயே அடைந்து கிடப்பதுதான் உடம்பைக் கெடுக்கிறது.

அப்பாவின்_சின்னமகள்
தோட்டத்து ஐயா, நீங்கள் திடமாக இருப்பது மகிழ்ச்சி. என் அப்பாவும் இதே வார்த்தையைத்தான் சொல்வார்.

உடம்பு பழகும் என்பது உண்மை. வெயில் தொடங்கி ஒன்று, இரண்டு வாரத்தில் உடம்பு ஓரளவு பழகிக்கொள்கிறது, வியர்வை சீக்கிரம் வர ஆரம்பிக்கிறது. அதனால்தான் பருவத்தின் முதல் வெப்ப அலையில் பாதிப்பு அதிகம். ஆனால் 30 வயதில் பழகியது போல 70இல் பழகாது. சின்ன வயதில் மின்விசிறி இல்லாமல் இருந்தீர்கள், சரி. அப்போது நீர் மாத்திரையும் இல்லை, ராத்திரியும் இவ்வளவு புழுங்கவில்லை.

1995 ஜூலையில் அமெரிக்காவின் சிகாகோவில் ஒரே வெப்ப அலையில் 700 பேருக்கு மேல் இறந்தார்கள். அதை ஆராய்ந்தபோது, தனியாக வாழ்ந்தவர்களுக்கும் வீட்டை விட்டு வெளியே வராதவர்களுக்கும்தான் ஆபத்து அதிகமாக இருந்தது தெரிந்தது. 2003 ஆகஸ்டில் பிரான்சில் சுமார் 15,000 பேர் போனார்கள், பெரும்பாலோர் 75 வயதைக் கடந்தவர்கள். நிறையப் பேர் சொந்த வீட்டுக்குள், தனியாக. “அறைக்குள்ளேயே அடைந்து கிடப்பது கெடுதல்” என்று நீங்கள் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். வீட்டுக்குள் இருப்பதே பாதுகாப்பு ஆகிவிடாது. வீடு சூடாக இருந்து, எட்டிப் பார்க்க ஆளும் இல்லையென்றால் அதுதான் ஆபத்து.

அப்பா போன வருடம் தோட்டத்திலிருந்து வந்து “தலை லேசா கிறுகிறுங்குது” என்று படுத்தார். நான் அப்போது வேறு ஊரில். இரண்டு மணிநேரம் கழித்து அம்மா எழுப்பினால், பேச்சு குழறுகிறது. பிழைத்துவிட்டார். ஆனால் அந்தத் தொலைபேசி அழைப்பை என்னால் மறக்க முடியவில்லை.

தோட்டத்து_மனிதன்
உங்கள் அப்பா நலமாக இருக்கட்டும் தங்கச்சி. நான் அப்படி யோசிக்கவில்லை. எட்டு மணிக்குள் வேலையை முடித்துக்கொள்கிறேன். தண்ணீர்ப் பானையைத் தோட்டத்துக்கே கொண்டுபோய் வைக்கிறேன்.

நிழல்தேடி
எனக்கு ஒரு சந்தேகம். நான் ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு ஃபேனை முழு வேகத்தில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். அப்படியும் ஏன்?

கட்டடக்காரன்
அண்ணா, ஃபேன் அறையைக் குளிர்விக்காது, இருக்கிற காற்றை நகர்த்தும், அவ்வளவுதான். நம் தோலின் சூடு ஏறத்தாழ 35 டிகிரி. காற்று அதைவிடச் சூடாக இருந்தால் ஃபேன் அந்தச் சூட்டை நம் மேல்தான் கொண்டுவந்து கொட்டுகிறது. வியர்வை காய்வதால் கிடைக்கிற குளிர்ச்சி அதை ஈடுகட்டும் வரைக்கும் லாபம். வியர்வையே குறைவாக இருந்தால் நஷ்டம். உலக சுகாதார நிறுவனம் 40 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் ஃபேன் போடச் சொல்கிறது. 2021இல் வந்த ஒரு ஆய்வு, வயதானவர்களுக்கு அந்த எல்லையை 38 என்றும், வியர்வையைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு 37 என்றும் கணக்கிட்டது. உங்கள் அலர்ஜி மாத்திரையை நினைத்துக்கொள்ளுங்கள்.

வழி சுலபம். சுரக்காத வியர்வைக்குப் பதில் தண்ணீர். கை, கழுத்து, முகம், கால் எல்லாவற்றையும் நனைத்துக்கொண்டு ஃபேன் முன்னால் உட்காருங்கள். துண்டை நனைத்துப் பிழிந்து தோளில் போடுங்கள், காய்ந்ததும் மறுபடி நனையுங்கள். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்த புழுக்க நாளில் இது குறைவாகத்தான் வேலை செய்யும், ஏனென்றால் தண்ணீர் ஆவியாக மறுக்கும். ஏர் கூலரும் அன்றைக்கு உதவாது. அப்படிப்பட்ட நாளில் கைகளை முழங்கை வரை ஒரு வாளித் தண்ணீரில் 15, 20 நிமிடம் வைத்திருங்கள். உள்ளங்கை வழியாக ரத்தம் குளிர்ந்து உள்ளே போகும்.

வீட்டைப் பற்றி ஒன்று. கூரைக்கு நேர் கீழே இருக்கிறீர்களா? கான்கிரீட் பகல் முழுக்கச் சூட்டைக் குடித்து வைத்துக்கொண்டு ராத்திரியில் கக்கும். வெளியே காற்று ஆறிய பிறகும் அறை தணலாக இருப்பதற்கு அதுதான் காரணம். உச்சி வெயிலைப் போலவே ராத்திரிப் புழுக்கமும் வயதானவர்களை வாட்டுகிறது, ஏனென்றால் பகலில் களைத்த இதயத்துக்கு ராத்திரியிலாவது ஓய்வு வேண்டும். கூரைக்கு வெள்ளைப் பூச்சு அடித்தால் வித்தியாசம் தெரியும். திரையை உள்ளே போடுவதைவிட வெளியே மறைப்பு கட்டுவது மேல், கண்ணாடியைத் தாண்டி வந்த வெயில் வந்ததுதான்.

ஜன்னலை எப்போது திறப்பது என்று பலர் குழம்புகிறார்கள். உள்ளே ஒரு தெர்மாமீட்டர், வெளியே நிழலில் ஒன்று. வெளியே குறைவாக இருந்தால் திற, அதிகமாக இருந்தால் சாத்து. என் அம்மா வீட்டில் அதைப் பார்த்துப் பார்த்து இப்போது அம்மா ராத்திரி பத்தரைக்குத் திறந்து காலை ஏழரைக்குச் சாத்துகிறார்.

மெல்லநட
ஒரு எச்சரிக்கை. எல்லோரையும் பார்த்துப் பொத்தாம் பொதுவாகத் தண்ணீர் குடி, குடி என்று சொல்லிவிடாதீர்கள். எனக்கு இதயம் பலவீனம். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் கூடாது என்று மருத்துவர் அளவு போட்டிருக்கிறார். போன வெயிலில் உறவினர்கள் சொல்கிறார்களே என்று குடித்துத் தள்ளி, கால் வீங்கி, மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். இன்னொருவர் நீர் மாத்திரையோடு வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடித்து, ரத்தத்தில் சோடியம் என்ற உப்பு இறங்கிக் குழம்பிப்போனார்.

என்னைப் போன்றவர்கள் மருத்துவரிடம் “வெயில் நாளில் எனக்கு எவ்வளவு?” என்று தனியாக ஒரு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். நான் தினமும் காலை சிறுநீர் கழித்ததும் எடை பார்த்து எழுதுகிறேன். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் தண்ணீர் தேங்குகிறது என்று மருத்துவரைக் கூப்பிட வேண்டும். வெயில் நாளில் சட்டென்று இறங்கினாலும் கூப்பிடுவேன். குடிக்கும் அளவுக்கு வரம்பு உள்ளவர்களுக்குத் தோலை நனைப்பதுதான் வரப்பிரசாதம். அதற்கு யாரும் அளவு போடவில்லை.

கடைசிவீட்டு_அக்கா
சர்க்கரை உள்ளவர்களும் ஓஆர்எஸ் பொட்டலத்தைத் தினசரி பானமாக ஆக்கிக்கொள்ளாதீர்கள், அதில் சர்க்கரையும் உப்பும் இருக்கிறது. அப்புறம், இன்சுலினை ஜன்னல் பக்கம் வைக்காதீர்கள்.

அப்பாவின்_சின்னமகள்
மறதி நோய் உள்ளவர்களைப் பார்த்துக்கொள்பவர்கள் இங்கே இருந்தால் சொல்கிறேன். என் பெரியம்மாவுக்கு அது. உச்சி வெயிலில் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு பொத்தான் எல்லாம் மாட்டி உட்கார்ந்திருப்பார். “கழட்டுங்க பெரியம்மா” என்றால் கோபம் வரும். இப்போது கம்பளிகளை எல்லாம் எடுத்து ஒளித்துவிட்டு மெல்லிய பருத்திச் சட்டையை அதே இடத்தில் மடித்து வைத்துவிட்டோம். தேடுவார், கையில் கிடைப்பதைப் போட்டுக்கொள்வார். தண்ணீர் குடியுங்கள் என்று சொன்னாலும் மாட்டார். எதிரில் உட்கார்ந்து நான் ஒரு வாய் குடித்தால் அவரும் ஒரு வாய் குடிப்பார். அப்படியே ஒரு டம்ளர் முடியும்.

ஓய்வுபெற்ற_செவிலி
தங்கை, அதைவிட நல்ல பராமரிப்பு வார்டில்கூடக் கிடைக்காது.

முக்கியமான ஒன்று விடுபட்டுவிட்டது. களைப்பு, தலைவலி, குமட்டல், கால் பிடிப்பு, தலைசுற்றல் வந்தால் குளிர்ந்த இடத்தில் படுக்கவைத்து, காலைச் சற்று உயர்த்தி, நனைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். அரை மணியில் தேறவில்லை என்றால் மருத்துவ உதவி.

ஆனால் பேச்சு குழறினால், சம்பந்தமில்லாமல் பேசினால், தள்ளாடினால், வலிப்பு வந்தால், எழுப்பியும் சரியாக எழவில்லை என்றால் அரை மணியெல்லாம் காத்திருக்கக் கூடாது. அது ஹீட் ஸ்ட்ரோக்காக இருக்கலாம், உடம்பின் உட்சூடு 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். தோல் காய்ந்துதான் இருக்க வேண்டும் என்றில்லை, வியர்வை இருக்கும்போதும் வரும். முதலில் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அது வரும் வரை சும்மா இருக்காமல் துணியைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். நினைவு சரியில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறும். காய்ச்சல் மாத்திரை கொடுக்காதீர்கள். இது காய்ச்சல் இல்லை, அந்த மாத்திரை இந்தச் சூட்டை இறக்காது.

வயதானவர் “கொஞ்சம் குழம்பி” பேசினால் வயசாகிவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள். வெயில் நாளில் புதிதாக வந்த குழப்பத்தை வயதின் மேல் போடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

நிழல்தேடி
பதினைந்து நாள் கழித்து எழுதுகிறேன்.

மாத்திரைப் பையோடு மருத்துவரிடம் போனேன். அலர்ஜி மாத்திரையை மாற்றினார். நீர் மாத்திரையின் அளவைக் குறைத்து, காலையில் போடச் சொன்னார். ராத்திரி எழுவதையும் சொல்லிவிட்டேன், சொன்ன பிறகுதான் அது அவ்வளவு கூச்சப்பட வேண்டிய விஷயம் இல்லை என்று புரிந்தது. இப்போது இரண்டு தடவைதான். கைப்பிடி மாட்டியாகிவிட்டது.

தெர்மாமீட்டரை நாற்காலிக்கு எதிர்ச் சுவரில் மாட்டியிருக்கிறேன். முதல் நாள் மதியம் இரண்டரைக்கு 37 காட்டியது. நான் அப்போது சௌகரியமாகத்தான் உணர்ந்தேன். அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து போய்த் துண்டை நனைத்தேன். எழுந்தேன் என்றால், முதலில் விளிம்பில் உட்கார்ந்து, காலை இரண்டு மூன்று தரம் ஆட்டி, பிடித்துக்கொண்டு நின்று, அப்புறம்தான் நடை.

பக்கத்து வீட்டுக்காரர் தினமும் மூன்று மணிக்கு வருகிறார். “எப்படி இருக்கீங்க?” என்று கேட்டால் நான் “நல்லா இருக்கேன்” என்றுதான் சொல்வேன், எனக்கே தெரியாதே. அதனால் அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டாம், சுவரில் எண்ணைப் பாருங்கள், தண்ணீர்ப் புட்டியில் எவ்வளவு குறைந்திருக்கிறது பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். புட்டியில் மணிக்கு ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். நேற்று ஒரு மணிக் கோட்டிலேயே தண்ணீர் நின்றிருந்தது. ஒன்றும் சொல்லாமல் டம்ளரில் ஊற்றி என் கையில் கொடுத்துவிட்டு, நான் குடித்து முடிக்கும் வரை எதிரில் உட்கார்ந்திருந்தார்.

தோட்டத்து மனிதன் தம்பிக்கு: உங்களுக்கும் தினமும் எட்டிப் பார்க்க யாராவது இருக்கிறார்களா? இல்லையென்றால் தனிச்செய்தியில் எண் அனுப்புங்கள். மூன்றேகாலுக்கு நான் கூப்பிடுகிறேன்.